அலைக்கற்றை ஏலத்தில் ஒன்றரை லட்சம் கோடி. எங்கள் மலையில் ஏன் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை?

மலைவழி (இழையைத் தொடங்கியவர்)

ஜவ்வாது மலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில், ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் ஏறிப் போனால் வரும் ஒரு பாறைதான் எங்கள் வகுப்பறை. அந்தப் பாறையின் கிழக்கு ஓரத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும். பாடங்களை அங்கே என் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குக் காட்டுவேன். இன்றும் அதே பாறைதான். சென்ற மழைக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தது. 108ஐ அழைப்பதற்காக அவளுடைய கணவர் டார்ச் விளக்கோடு பாறைக்கு ஓடினார். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை.

கைப்பேசிச் சேவைக்கான வானொலி அலைகளை, அதாவது அலைக்கற்றையை, நிறுவனங்களுக்கு விட்ட 2022 ஏலத்தில் அரசுக்கு 1,50,173 கோடி ரூபாய் வந்ததாகச் செய்தியில் படித்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த எண்ணை எழுதிக் காட்டி இடமதிப்புப் பாடமே நடத்தினேன். ஒரு பெண் எழுந்து, "அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியவர்கள் ஏன் நம் ஊருக்கு வரவில்லை, சார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காற்றில் போகும் அலை யாருடையது? அரசு அதை எப்படி விலைபேசுகிறது? வாங்கியவர் எங்கே சேவை தர வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

பழைய தந்தி

ஆசிரியர் ஐயா, தொலைத்தொடர்புத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மாணவியின் கேள்வி நாடாளுமன்றத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

முதலில் யாருடையது என்பதைப் பார்ப்போம். 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தியை நடத்தும் தனியுரிமையை அரசின் கையில் கொடுத்தது. வானொலியும் கைப்பேசியும் பின்னால் அதே குடையின் கீழ் வந்தன. 1995இல் கிரிக்கெட் ஒளிபரப்பு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், அலைகள் பொதுச்சொத்து, அவற்றைப் பொதுநலனுக்காகவே பயன்படுத்த வேண்டும் என்றது. ஆகவே அரசு இதற்கு உடைமையாளர் அல்ல, அறங்காவலர் மாதிரி. இப்போது 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. அலைக்கற்றையை ஏலத்தில்தான் கொடுக்க வேண்டும், அட்டவணையில் குறிப்பிட்ட சில பயன்பாடுகளுக்கு மட்டும் ஏலமின்றி ஒதுக்கலாம் என்று அதில் எழுதிவிட்டார்கள்.

அலைக்கற்றை விற்கப்பட்டதாகப் பேசுகிறோம். உண்மையில் விற்பது 20 ஆண்டுகளுக்கான பயன்பாட்டு உரிமையைத்தான். குறிப்பிட்ட அலைவரிசையில், குறிப்பிட்ட அகலத்தில், குறிப்பிட்ட வட்டத்துக்குள் அந்த உரிமை செல்லும். நாடு 22 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அடிப்படை விலையை ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைக்கிறது, மத்திய அமைச்சரவை ஒப்புதல் தருகிறது, தொலைத்தொடர்புத் துறை ஏலம் நடத்துகிறது.

உங்கள் பாறையைப் பற்றிய பதில் இந்த "வட்டம்" என்ற சொல்லில் இருக்கிறது. சென்னையும் புதுச்சேரியும் ஜவ்வாது மலையும் ஒரே வட்டம். தியாகராய நகருக்கு ஒரு விலை, உங்கள் ஊருக்கு ஒரு விலை என்று பிரித்து ஏலம் விடுவதில்லை. மொத்தமாக ஒரே உரிமை. அதை வாங்கிய நிறுவனம் கூட்டம் இருக்கும் இடத்தில் டவர் வைத்துப் போட்ட பணத்தை எடுக்கிறது. உங்கள் ஊரின் மேல் செல்லும் அலையும் அவர்களுடைய உரிமைக்குள்தான் வருகிறது, ஆனால் அங்கே அதை யாரும் தொடுவதில்லை.

கணக்கன்

தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த இழை "ஏலமே தவறு" என்ற பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. ஏலம் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும்.

2008இல் 2ஜி கைப்பேசிச் சேவைக்கு 122 உரிமங்கள் கொடுக்கப்பட்டன. விலை 2001ஆம் ஆண்டினுடையது. நாடு முழுவதற்கும் சுமார் 1,650 கோடி ரூபாய் கட்டினால் உரிமத்தோடு தொடக்க அலைக்கற்றையும் கிடைக்கும். 2001இல் கைப்பேசி என்பது சில பத்து லட்சம் பேரிடம் மட்டுமே இருந்த பொருள். 2008இல் சந்தையில் காய்கறி விற்பவரிடமும் அது இருந்தது. விலை மட்டும் ஏழு ஆண்டுகளாக அசையவில்லை.

முறை இன்னும் மோசம். "முதலில் வருபவருக்கு முன்னுரிமை" என்பார்கள். விண்ணப்பிக்க 2007 அக்டோபர் 1 கடைசி நாள் என்று அறிவித்தார்கள். 575 விண்ணப்பங்கள் வந்தன. பிறகு செப்டம்பர் 25 வரை வந்த 232ஐ மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். 2008 ஜனவரி 10 அன்று பிற்பகல் 2:45க்கு ஓர் அறிவிப்பு. 3:30க்குள் தொலைத்தொடர்புத் துறையின் தலைமையகமான தில்லி சஞ்சார் பவனுக்கு வந்து ஒப்புதல் கடிதத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். யார் முதலில் பணம் கட்டுகிறாரோ அவருக்கே வரிசையில் முதலிடம். கோடிக்கணக்கான ரூபாய்க்கான வரைவோலையை முக்கால் மணி நேரத்தில் யாரால் எடுத்து வர முடியும்? முன்கூட்டியே தெரிந்தவரால்தான் முடியும். சிலர் முந்தைய தேதியிட்ட வரைவோலைகளோடு வந்திருந்தார்கள்.

உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் டவர் எதையும் எழுப்புவதற்கு முன்பே, அதன் மூன்றில் இரண்டு பங்குக்கு நார்வேயின் டெலினார் 6,000 கோடிக்கும் மேல் தர முன்வந்தது. அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? அரசு கொடுத்த தாளிலிருந்துதான் வந்தது. அது மக்களின் சொத்து. ஏலம் இருந்திருந்தால் அந்தப் பணம் கருவூலத்துக்கு வந்திருக்கும். 2010இல் 3ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டபோது 34 நாட்கள், 183 சுற்றுகள் நடந்து சுமார் 67,700 கோடி கிடைத்தது. அதைத் திறந்த வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

சட்ட மாணவி

கணக்கன் ஐயா, நீங்கள் சொன்ன நிகழ்வுகள் சரி. மீதியையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது.

2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. முதலில் வருபவருக்கு முன்னுரிமை என்ற முறையிலேயே அடிப்படைக் குறை இருக்கிறது என்றது. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் ஊழல் என்று தொடுத்த குற்றவியல் வழக்கு வேறு. அதில் 2017 டிசம்பர் 21 அன்று தில்லி சிறப்பு நீதிமன்றம் முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா உட்பட அனைவரையும் விடுவித்தது. குற்றச்சாட்டை நிறுவ அரசுத் தரப்பு தவறிவிட்டது என்று நீதிபதி எழுதினார். ஒதுக்கீட்டு முறை செல்லாது என்பதும், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதும் இரண்டுமே பதிவில் உள்ளவை. நம் ஊர் மேடைகளில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடுகிறார்கள்.

அரசுக்கு 1.76 லட்சம் கோடி இழப்பு என்ற எண்ணும் அப்படித்தான் பரவியது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடி வரை பல கணக்குகளைப் போட்டார். மிகப் பெரிய எண் 2010இன் 3ஜி ஏல விலையை வைத்துக் கணக்கிட்டது. சிபிஐ தன் குற்றப்பத்திரிகையில் சொன்னது 30,984 கோடி. சுவரொட்டிக்குப் போனது மிகப் பெரிய எண் மட்டும்.

இன்னொன்று. அதே 2012 செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் தந்தது. எல்லா இயற்கை வளத்தையும் ஏலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, வருவாயைப் பெருக்குவது மட்டுமே பொதுநலன் ஆகாது என்பது அதன் சாரம். மலைவழி ஐயாவின் பாறைக்கு இந்தத் தீர்ப்புதான் நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

கணக்கன்

திருத்தத்தை ஏற்கிறேன். விடுதலைத் தீர்ப்பை நானே சொல்லியிருக்க வேண்டும். முறை கெட்டிருந்தது என்பதில் மட்டும் மாற மாட்டேன்.

பழைய தந்தி

முறை கெட்டிருந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த அதிர்ச்சிக்குப் பிறகு நாம் மறுகோடிக்குப் போனோம். குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டதாகப் பெயர் வரும் என்று ஒவ்வோர் அதிகாரியும் அஞ்சினார். அந்த அச்சத்தின் விலையைக் கிராமங்கள் கொடுத்தன. 700 மெகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையின் கதையைச் சொல்கிறேன். என் பணிக்காலத்தில் எனக்கு மிக வலித்தது அது.

அலைவரிசை குறையக் குறைய அலை தூரம் போகும், மரங்களையும் சுவர்களையும் ஊடுருவும். 3,300 மெகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. நெரிசலான நகரத்துக்கு அது ஏற்றது. 700 மெகாஹெர்ட்ஸ் அதற்கு நேரெதிர். குறைந்த டவர்களைக் கொண்டு பெரிய பரப்பை மூடலாம். முன்பு தொலைக்காட்சிக்கு என்று வைத்திருந்த அலைகள் அவை. காடும் மலையும் சிதறிய குக்கிராமங்களும் உள்ள நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அலைவரிசை கிடையாது.

2016இல் அதை முதன்முறையாக ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1800 மெகாஹெர்ட்ஸின் விலையைப்போல நான்கு மடங்கு என்று கணக்கிட்டு, நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 11,485 கோடி ரூபாய் அடிப்படை விலை வைத்தார்கள். உருப்படியாகச் சேவை தர 5 மெகாஹெர்ட்ஸ் அகலமாவது வேண்டும், அதாவது 57,425 கோடி. ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. 2018இல் டிராய் 6,568 கோடியாகக் குறைக்கச் சொன்னது. 2021 மார்ச்சில் அந்த விலைக்கு ஏலம் விட்டபோதும் யாரும் வாங்கவில்லை. கடைசியில் 2022இல் 3,927 கோடி ஆனது. ஜியோ 10 மெகாஹெர்ட்ஸை அடிப்படை விலைக்கே எடுத்தது.

2016 அக்டோபர் முதல் 2022 ஆகஸ்ட் வரை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள், நாட்டின் சிறந்த அலைக்கற்றை யாருக்கும் பயனின்றி வெறுமனே கிடந்தது. நிலக்கரியை இன்று தோண்டாவிட்டால் நாளை தோண்டலாம், அது மண்ணுக்குள்ளேயே இருக்கும். அலைக்கற்றை அப்படியல்ல. இன்று பயன்படுத்தாத அலை இன்றோடு போயிற்று. ஆசிரியர் ஐயா, நீங்கள் பாறையில் அமர்ந்து பாடம் இறக்கிய 2020ஆம் ஆண்டு அந்த ஆறு ஆண்டுகளுக்குள்தான் வருகிறது. ஆறு ஆண்டு காத்திருந்து, கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொடுத்தோம். 2008இல் நடந்தது இழப்பு என்றால் இதுவும் இழப்புதான். இதற்கு யாரும் அறிக்கை எழுதவில்லை.

ரைன் கரை

ஜெர்மனியில் கைப்பேசி வலையமைப்பு தொடர்பான வேலையில் இருக்கிறேன். ஒரே நாடு ஒரே நகரத்தில் பத்து ஆண்டு இடைவெளியில் நடத்திய இரண்டு ஏலங்களைச் சொல்கிறேன். இரண்டும் மைன்ஸ் நகரில் நடந்தவை.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் 3ஜி ஏலம். 173 சுற்றுகள். 50.8 பில்லியன் யூரோ கிடைத்தது. உலகமே வியந்தது. உரிமம் பெற்ற ஆறு நிறுவனங்களில் இரண்டு கடைசிவரை சொந்த 3ஜி வலையமைப்பில் சேவையைத் தொடங்கவே இல்லை. பில்லியன்களைக் கொடுத்து வாங்கிய உரிமம் பயனின்றி முடிந்தது. மற்றவர்களும் கடன் சுமையால் மெதுவாகத்தான் கட்டினார்கள்.

2010இல் 800 மெகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட அலைவரிசைகளை ஏலம் விட்டார்கள். மொத்தம் கிடைத்தது சுமார் 4.4 பில்லியன் யூரோ மட்டுமே. முந்தையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இந்த முறை உரிமத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு மாநிலமும் அகன்ற அலைவரிசை இணையம் இல்லாத ஊர்களின் பட்டியலைக் கொடுத்தது. ஊர்களை மக்கள்தொகைப்படி நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் 5,000 பேருக்குக் குறைவான ஊர்கள். அவற்றில் 90 விழுக்காடு மக்களுக்குச் சேவை எட்டிய பிறகே அந்த அலைவரிசையோடு அடுத்த படிக்குப் போகலாம். பெருநகரங்கள் கடைசிப் படி. பெர்லினில் விற்க வேண்டுமானால் முதலில் சிற்றூருக்குப் போயாக வேண்டும். நிறுவனங்கள் போயின. பல மாநிலங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் படிகள் முடிந்துவிட்டன. எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றும் ரயிலில் போகும்போது பேச்சு அறுந்துபோகும் இடங்கள் இங்கே உண்டு. ஆனால் அந்த நிபந்தனை வேலை செய்தது.

பக்கத்தில் பிரான்சு 2018இல் இன்னும் துணிந்தது. பழைய உரிமங்களைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது ஏலமே வேண்டாம் என்று முடிவெடுத்தது. பணத்துக்குப் பதிலாக டவர் கட்டுங்கள் என்றது. ஒவ்வொரு நிறுவனமும் சேவை குறைந்த 5,000 இடங்களுக்கு அலையைக் கொண்டு செல்ல வேண்டும். எந்த இடம் என்பதை உள்ளாட்சி அமைப்புகளோடு கலந்து அரசு சொல்லும்.

மலைவழி ஐயா, உங்கள் மாணவியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: வாங்கியவர்கள் வரவில்லை, ஏனென்றால் வர வேண்டும் என்று உரிமத்தில் எழுதவில்லை.

கணக்கன்

சகோதரி, ஜெர்மனியின் இரண்டாவது ஏலம் எனக்கும் பிடித்திருக்கிறது, அது ஏலம் என்பதால்! பிரான்சின் வழியில்தான் எனக்கு அச்சம். வாக்குறுதியைப் பணமாக ஏற்றுக்கொண்டால் அதை அளப்பது யார்?

சுவீடனைப் பாருங்கள். 2000இல் 3ஜி உரிமத்தை ஏலமின்றி, யார் அதிகம் மக்களை எட்டுவதாக உறுதி சொல்கிறார்களோ அவர்களுக்கே கொடுத்தார்கள். நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு, 2003 முடிவதற்குள் நாட்டின் ஏறக்குறைய எல்லா மக்களையும் எட்டிவிடுவோம் என்று எழுதிக் கொடுத்தன. கெடு வந்தது, எவரும் முடிக்கவில்லை. ஒரு நிறுவனம் நாட்டைவிட்டே போய்விட்டது. அந்த நாட்டின் பழைய அரசுத் தொலைபேசி நிறுவனமான டெலியாவுக்கு உரிமமே கிடைக்காமல் போயிற்று, பிறகு போட்டியாளரோடு கூட்டுச் சேர்ந்து சேவை தந்தது. ஊழல் அதிகம் இல்லாத நாட்டிலேயே இந்த நிலை. நம் நாட்டில் அதிகாரி ஒருவர் "இவருடைய வாக்குறுதி சிறந்தது" என்று மதிப்பெண் போட ஆரம்பித்தால் சஞ்சார் பவன் வாசலில் மறுபடியும் ஜனவரி 10 வரும்.

அமெரிக்கா எல்லா வழியையும் பார்த்த நாடு. முதலில் விசாரணை வைத்து, தகுதியானவர் யார் என்று தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பிறகு 1980களில் குலுக்கல் சீட்டு முறை. கைப்பேசித் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் சீட்டுப் போட்டார்கள். 1989இல் கேப் காட் பகுதி உரிமத்தை வென்ற ஒரு குழு அதைத் தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்கு 41 மில்லியன் டாலருக்கு விற்றுவிட்டது. பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1959இலேயே அலைக்கற்றையை விலைக்கு விடுங்கள் என்று எழுதியிருந்தார். 1994இல்தான் அங்கே முதல் ஏலம் நடந்தது. அந்த ஏல முறையை வடிவமைப்பதில் பெரும் பங்காற்றிய மில்க்ரோம், வில்சன் இருவருக்கும் 2020இல் பொருளியல் நோபல் கிடைத்தது. அவ்வளவு பட்டு அறிந்து வந்த முறையை எளிதாகக் கைவிட வேண்டாம்.

பழைய தந்தி

கைவிடச் சொல்லவில்லை, கணக்கன். ஏலத்தின் உள்ளே என்ன வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. நம் 3ஜி ஏலத்தில் நிபந்தனை இல்லாமல் இல்லை. ஐந்து ஆண்டுகளில் மாவட்டத் தலைநகரங்களில் பாதியை எட்ட வேண்டும் என்பது பெரும்பாலான வட்டங்களுக்கான அளவு. திருவண்ணாமலை நகரத்தில் சேவை கொடுத்துவிட்டால் கணக்கில் அந்த மாவட்டம் முடிந்தது. உங்கள் மலையில் ஜமுனாமரத்தூருக்கு மேலே உள்ள ஊர்கள் அந்தக் கணக்கில் வரவே வராது. ஜெர்மனி கடைசிக் குக்கிராமத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. நாம் மாவட்டத் தலைநகரத்திலிருந்து எண்ணி, பாதியில் நிறுத்திக்கொண்டோம்.

அனல்மேடு

இழையை வாசித்துக்கொண்டு வருகிறேன். ஒரு சந்தேகம். இவ்வளவு பணம் ஏலத்தில் வாங்கினால் அது கடைசியில் நம் ரீசார்ஜ் கட்டணத்தில்தானே விழும்? இலவசமாகவே கொடுத்துவிட்டால் கட்டணம் குறையாதா?

பழைய தந்தி

நல்ல கேள்வி, தம்பி. கட்டிய ஏலத்தொகை திரும்ப வராது. அதன்பின் கட்டணத்தைத் தீர்மானிப்பது போட்டிதான். உலகிலேயே குறைந்த விலைக்கு டேட்டா கிடைக்கும் நாடுகளில் ஒன்றாக நாம் இருக்கும்போதே ஏலத்தில் லட்சம் கோடிகள் வாங்கினோம். ஆகவே இலவசமாகக் கொடுத்தால் கட்டணம் இறங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நிறுவனத்தின் லாபம் மட்டும் கூடலாம்.

ஆனால் அந்தச் சுமை வேறு வழியில் வருகிறது. கடன் ஏறி நிறுவனங்கள் விழுகின்றன. 2010 வாக்கில் ஒரு வட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தன. இன்று மூன்று தனியார் நிறுவனங்களும் பிஎஸ்என்எல்லும்தான். தமிழ்நாட்டில் வேரூன்றியிருந்த ஏர்செல் 2018இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. கட்டணப் போர், அரசுக்குத் தர வேண்டிய வருவாய்ப் பங்கு பற்றிய வழக்கு என்று காரணங்கள் பல, அலைக்கற்றைக் கடனும் அவற்றில் ஒன்று. போட்டி குறைந்த பிறகு யாரும் புதிய மலையேற அவசரப்படுவதில்லை.

சட்ட மாணவி

வாங்கிவிட்டுப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதையும் பேச வேண்டும். பழைய தந்தி ஐயா சொன்ன 700 மெகாஹெர்ட்ஸ் விற்காமல் கிடந்தது. 2010 ஜூனில் விற்ற 2,300 மெகாஹெர்ட்ஸ் விற்ற பிறகும் பெருமளவு கிடந்தது. 22 வட்டங்களிலும் அதை வென்ற ஒரே நிறுவனம் இன்ஃபோடெல். அதை உடனே ரிலையன்ஸ் வாங்கிக்கொண்டது. பொதுமக்களுக்கான சேவை 2016 செப்டம்பரில்தான் தொடங்கியது. அதற்குரிய கருவிகள் தொடக்கத்தில் சந்தையில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் ஏர்டெல் 2012இல் தொடங்கியது அந்த அலைவரிசையில்தான். என்றாலும் ஆறு ஆண்டுகள் ஆறு ஆண்டுகள்தான். ஏலத்தில் அதிகப் பணம் கொடுத்தவர் உடனே பயன்படுத்துவார் என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தகுந்த காரணமின்றி அலைக்கற்றை பயன்படுத்தப்படாமல் இருந்தால், அரசு அந்த ஒதுக்கீட்டை முழுமையாகவோ பகுதியாகவோ முடித்துவைக்கலாம். இந்தப் பிரிவைப் படித்தபோது எனக்கு மலைவழி ஐயாவின் ஊர் மாதிரியான இடங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு வட்டத்துக்குள் சேவையே இல்லாத பகுதிகளில் அந்த அலையை ஊராட்சியோ கூட்டுறவுச் சங்கமோ சிறிய நிறுவனமோ பயன்படுத்த விட்டால் என்ன? நகரத்தில் உள்ள உரிமையாளருக்கு எந்த இடையூறும் வராது.

கடலோரம்

எங்கள் பக்கத்தில் படகுகள் கரையை விட்டுச் சிறிது தூரம் போனாலே தொடர்பு அறுந்துவிடும். செயற்கைக்கோள் இணையம் வந்தால் மலைக்கும் கடலுக்கும் சேர்த்தே தீர்வு கிடைத்துவிடாதா? அதற்கு ஏலம் இல்லை என்கிறார்களே, அது எப்படிச் சரி?

பழைய தந்தி

செயற்கைக்கோள் சேவைக்கு ஏலம் இல்லாததில் நியாயம் இருக்கிறது. தரையில் ஓர் அலைவரிசையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தால் அதே இடத்தில் இன்னொருவர் பயன்படுத்த முடியாது, மோதும். வானில் அதே அலைவரிசையைப் பல நிறுவனங்கள் தமக்குள் ஒத்திசைந்து பகிரலாம். தனியாகப் பிரித்து விற்க அங்கே பொருளே இல்லை. அதனால்தான் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் அதைச் சேர்த்தார்கள். டவர்களைத் தம்முள் இணைக்கும் நுண்ணலைத் தொடர்புக்கும் அப்படித்தான்.

2025 மே மாதம் டிராய் பரிந்துரைத்ததில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. வருவாயில் 4 விழுக்காட்டுக் கட்டணம் தவிர, பூமிக்கு அருகே சுற்றும் (தாழ்சுற்றுப் பாதை) செயற்கைக்கோள்களின் சேவையில் நகர்ப்புறச் சந்தாதாரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாக வாங்கச் சொன்னது. ஊர்ப்புறத்துக்கு அது இல்லை. கட்டணத்தைக் கொண்டே நிறுவனத்தைக் கிராமத்தின் பக்கம் திருப்பும் முயற்சி அது. ஆனால் ஒரு குடும்பம் செயற்கைக்கோள் கருவிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நினைத்தால், மலையில் அது பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் உதவும், ஒவ்வொரு வீட்டுக்கும் உதவாது.

ஆசிரியர் ஐயாவிடம் இன்னோர் உண்மையையும் மறைக்கக் கூடாது. உங்கள் ஊரில் சிக்னல் இல்லாததற்கு அலைக்கற்றை மட்டும் காரணமல்ல. 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நிறுவனங்களிடம் முன்பே இருக்கின்றன. 700ஐ வாங்கிய நிறுவனமும் அதை 5ஜிக்குத்தான் பயன்படுத்துகிறது. உங்கள் ஊரில் எத்தனை பேரிடம் 5ஜி கைப்பேசி இருக்கும்? டவர் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், டவரிலிருந்து கீழே தரவைக் கொண்டுசெல்ல வழி வேண்டும், காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். இந்தச் செலவெல்லாம் நூறு வீட்டின் ரீசார்ஜில் திரும்பாது.

அதற்காகத்தான் நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு தனி நிதியாக எடுக்கப்படுகிறது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. 2022 ஜூலையில் அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கி, சேவை எட்டாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டு செல்லும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. செய்வது பிஎஸ்என்எல். எனக்குள்ள வருத்தம் என்னவென்றால், ஒரு கையால் சிற்றூர்களுக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையில்லாத உரிமத்தை விற்றுப் பணத்தை வாங்கினோம், அந்த உரிமம் எட்டாத ஊர்களுக்கு மறுகையால் தனியாகச் செலவழிக்கிறோம். உரிமத்திலேயே எழுதியிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

கணக்கன்

இந்தக் கடைசி வரியை நான் மறுக்க முடியாது. ஏலத்தில் விலை கொஞ்சம் குறைந்தாலும், ஊர்ப் பட்டியலோடு கூடிய நிபந்தனையையும் அதை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஏற்பாட்டையும் சேர்த்தால் நான் ஆதரிக்கிறேன். பட்டியல் பொதுவெளியில் இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துச் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும். அப்படியானால் வாக்குறுதிக்கு மதிப்பெண் போட அதிகாரி தேவையில்லை, டவர் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். 2024 ஜூன் ஏலம் இரண்டே நாளில், வெறும் 11,340 கோடியில் முடிந்தது. பணம் கொட்டும் காலம் போய்விட்டது. இனிவரும் ஏலங்களில் ஊர்களைக் கேட்பதே புத்திசாலித்தனம்.

மலைவழி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாட்களாகப் பாறைக்குப் போய்ப் போய் இந்த இழையைப் படித்தேன். நேற்று அந்த மாணவியையும் அழைத்துச் சென்றேன். ரைன் கரை சகோதரி எழுதிய ஜெர்மனிக் கதையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அங்கே சின்ன ஊருக்குத்தான் முதலில் போக வேண்டுமா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

பழைய தந்தி ஐயா சொன்ன 24,680 ஊர்களில் எங்கள் ஊர் இருக்கிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு எழுதியிருக்கிறேன். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர ஊராட்சியில் பேசியாகிவிட்டது. பள்ளி, அங்கன்வாடி, பாறை மூன்றின் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்து வைத்திருக்கிறேன். ஊரில் 118 வீடுகள், 71 கைப்பேசிகள், அவற்றில் 4ஜி உள்ளவை 39. பிள்ளைகளே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள்.

தீர்மானத்தின் வாசகத்தை எழுத உதவி வேண்டும். சட்ட மாணவி அம்மா, 7ஆம் பிரிவை அதில் சேர்க்கலாமா?

சட்ட மாணவி

சேர்க்கலாம், ஐயா. இரண்டு பத்தியில் எழுதி இன்று இரவுக்குள் இங்கே இடுகிறேன். வனத்துறை அனுமதிக்கு ஊரின் ஒப்புதலையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். பிறகு அந்தத் தாளைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

பழைய தந்தி

டவருக்கான இடத்தைப் பாறையிலேயே கேட்காதீர்கள். பாறையிலிருந்து ஊர் நேராகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். நடுவில் மேடு இருந்தால் ஊருக்கு மறைவு விழும். படம் எடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.